கம்பி செய்த சீரியல் பெட்டி

என் சித்திக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் எதையும் அடித்தே பேசுவான் என்பதால் அவன் பெயர் சுத்தியல். இளையவள் மெலிசு, எவ்வளவு வளைத்தாலும் முறியமாட்டாள், அதனால் கம்பி. சித்தப்பா இறந்துபோனபோது தகடு வெட்டும் பட்டறை மகனுக்கு வந்தது. பிள்ளைகளை அடிக்க அவர் உருவும் பெல்ட்டும் கூடவே வந்தது.

கம்பி ரேடியோ கடையில் வேலை பழகியவள். அவளிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. டி.வி.யில் மாட்டி ஓட்டுகிற வகை. அதற்கு ஞாபகமெல்லாம் கேசட்டில்தான். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டால் பூனைச் சண்டை மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் தன் பாடத்தை ஏற்றிக்கொள்ளும்.

அந்தச் சமயம் பட்டறைக்கு ஒரு பழைய வெட்டு மெஷின் வந்தது. பட்டன் பலகை கெட்டுப்போயிருந்தது. ஆனால் ஒயர் வழியே ஒவ்வோர் எழுத்தாக வரிசையாக அனுப்பினால் அது கேட்கும். ஓர் எழுத்துக்கு இரும்புப் பிடி இறங்கித் தகட்டை அமுக்கும், இன்னோர் எழுத்துக்குப் பிளேடு இறங்கும், வேறோர் எழுத்துக்குப் பிடி மேலே போகும். கம்பியின் கம்ப்யூட்டருக்கு அப்படி வரிசையாகப் பேச வாய் இல்லை.

"வாய் நான் வைக்கிறேன்" என்றாள்.

"உனக்கு இருக்கிற வாயே அதிகம்" என்றான் அண்ணன்.

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் சில்லுகளைப் பற்றவைத்து, எழுத்துகளை வரிசையாக அனுப்பும் சீரியல் பெட்டி ஒன்றைச் செய்து முடித்தாள். வெட்டு மெஷின் தூரத்தில் இருந்ததால், மெல்லிய குரலையும் பெரிதாக்கிக் கொடுக்கும் ஒரு சில்லை அந்த முனையில் வைத்தாள். ஒரே ஒரு குறை. கடை அலமாரியில் கிடைத்தவை டேப் ரெக்கார்டருக்குப் போடும் வட்டச் சொருகிகள் மட்டுமே. ஆகவே பெட்டிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் ஒரே மாதிரி ஓட்டை, ஒரே மாதிரி ஒயர். குழம்பாமல் இருக்க மெஷின் ஒயரில் சிவப்பு நூல் சுற்றினாள். அதன் அர்த்தம் அவளுக்கு மட்டுமே தெரியும்.

மெஷின் ஓடியது. தகடு வெண்ணெய் மாதிரி அறுந்தது. பிரச்சினையும் அங்கேதான் பிறந்தது. வேலை கொடுக்க வந்தவர்கள் சுத்தியலைத் தாண்டிப் போய், "தங்கச்சி எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம் அவன் அவள் தலைமுடியைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்தான். முகத்தை மேசை விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து கம்ப்யூட்டர் விசைகள் மேல் ரத்தம் சொட்டியது. அதே பட்டறையில் வேலை பார்த்த நான் குறுக்கே போனேன், எனக்கு ஒரு பல் போனது. இன்றும் அந்த இடத்தில் நாக்கு போய்த் துழாவிவிட்டு வரும். அவன் ஒயர்களையெல்லாம் பிடுங்கி எறிந்தான்.

"இனி இந்தப் பெட்டி மேல உன் கை பட்டுச்சு, அந்தக் கையையே பிளேடுக்கு அடியில வெச்சு நறுக்குவேன். மெஷின் என்னுது. ஓட்டறவன் நான்."

"ஓட்டத் தெரியுமா?" என்றாள் கம்பி, ரத்தத்தைத் துப்பிவிட்டு.

அதற்கும் ஓர் அறை விழுந்தது. அவளுக்குக் கை போனால் பற்றவைக்கும் சால்டரிங் வேலை இல்லை, சோறு இல்லை. அவன் சொன்னால் செய்பவன் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அவனே ஒயர்களை மாட்டினான். யாரையும் கேட்கவில்லை, கேட்பது அவன் ரத்தத்திலேயே இல்லை. மெஷின் வாயில் ஒரு துண்டுத் தகடு சிக்கியிருந்தது. தடுப்பு வலையை எப்போதோ கழற்றிவிட்டான், கைக்கு இடைஞ்சலாம். வலது கையை உள்ளே விட்டுத் துண்டை இழுத்துக்கொண்டே, கம்ப்யூட்டருக்குப் பாடம் ஏற்ற, பக்கத்து மேசையில் இருந்த டேப் ரெக்கார்டரை இடது கையால் அமுக்கினான்.

வாசலில் நின்ற கம்பியின் கண் சிவப்பு நூலைத் தேடியது. பெட்டியில் இருக்கவேண்டிய அந்த மெஷின் ஒயர் டேப் ரெக்கார்டரில் சொருகியிருந்தது.

"அண்ணே, கைய எடு!"

"எனக்கே அதிகாரமா?" என்று அவள் பக்கம் திரும்பினான். கை உள்ளேயே இருந்தது.

பூனைச் சண்டை முழுவதும் ஒயர் வழியே மெஷினுக்குப் போனது. அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஓர் எழுத்து. பிடி இறங்கியது. முறுக்கு நொறுங்குவது போல எலும்பு நொறுங்கும் சத்தத்தை நான் கேட்டேன். அடுத்து பிளேடு ஒரு தடவை நடுங்கியது. அதற்குள் கம்பி பாய்ந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

இரைச்சல் நின்றது. அவன் அலறல் நிற்கவில்லை. நான் மெயின் சுவிட்சை அணைக்க ஓடினேன்.

"வேணாம் பெரியண்ணே, கரண்டு போனா பிடி அப்படியே பூட்டிக்கும். பெட்டி சொன்னாத்தான் விடும்."

ஒயரைப் பெட்டியில் சொருகி மேசை முன் உட்கார்ந்தாள். ஒற்றை எழுத்தை அனுப்பக் கேசட் பாடம் வேண்டாம், ஒரு விசையே போதும். விசைகளுக்கு மேலே விரல்களை நிறுத்தினாள். அவள் உதட்டில் தையல் இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணனின் மணிக்கட்டிலிருந்து ரத்தம் தகட்டில் ஓடிச் சொட்டியது.

"பெட்டியத் தொடட்டுமா, அண்ணே?"

"தொடுடீ!"

"அப்புறம் நறுக்கிடுவியே."

"ஐயோ, கொல்றாளே… தொடும்மா, தாயே, தொடு!"

ஒரே எழுத்து. பிடி மேலே போனது. அவன் சரிந்து விழுந்தான். கை, பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. அவள் சிவப்பு நூல் ஒயரையே உருவி, அவன் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள்.

கை பிழைத்தது, ஆனால் முஷ்டியாக மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் இடது கையை ஓங்கிப் பார்த்தான். சூடாக இருந்த சால்டரிங் அயர்னை அந்த மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். கருகல் வாசம் பட்டறையில் சாயங்காலம் வரை நின்றது. அதற்குப் பிறகு அவன் ஓங்கவில்லை.

பெட்டியின் சொருகியை அவள் வேறு வடிவத்துக்கு மாற்றினாள், தடுப்பு வலையையும் திரும்ப மாட்டினாள். மூச்சு நிற்கும்வரை அவளே அந்தப் பட்டறையை ஓட்டினாள். தினமும் காலையில் விசைப்பலகை முன் உட்கார்ந்து, மூலையில் இருக்கும் அண்ணனுக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பாள்:

"தொடட்டுமா, அண்ணே?"

அவன் சுவரைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மெஷின் ஓடும்.