தண்ணீர்ப் பக்கம்

தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறாள் ஜோசப்பின். தைப்பது ரவிக்கையல்ல, ஓவியப் புத்தகம். மடித்த நீளத் தாளின் ஓரத்தில் இன்னொரு தாளை வைத்து மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினால், அவள் வரையும் தன் ஊர் மஸ்கெலியா இன்னொரு முழம் நீண்டுவிடும்.

"மலைக்கு அந்தாண்ட என்னா இருக்குன்னு போடாம எப்புடிங்க வுடுறது?" என்பாள். இப்படியே போய்ப் படம் பக்கத்து ஊரான நோர்வூட்டைத் தாண்டிவிட்டது. விரித்தால் தையல் கடைக்குள் இடம் போதாது, வாசல்வரை வரும். வீரம்மா தைக்கக் கொடுத்த ரவிக்கையோ பதினைந்து நாளாக ஒற்றைக் கையோடு தொங்குகிறது.

நின்றபடிதான் தீட்டுவாள். உட்கார்ந்தால் மெஷின் மிதிக்கச் சொல்லிக் கால் அரிக்குமாம். இந்த ஊர் ஈரத்தில் வர்ணம் லேசில் காயாது. அதனால் தாளின் பின்புறம் இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மடிப்பாள்.

அவளுக்கு அடங்காத ஒரே பக்கம் நீர்த்தேக்கம். "தண்ணி வெறிச்சுன்னு கெடக்குதுங்க" என்று நான்கு தடவை தையலைப் பிரித்து மாற்றினாள். படகு போட்டாள், கொக்கு போட்டாள், ம்ஹூம். அதனாலேயே இரண்டு வருடமாக ஹட்டன் ஓவியக் கண்காட்சிக்குப் புத்தகம் போகவில்லை. அதில் தன் பெயரும் எழுதவில்லை. முடியாத படத்துக்குப் பேர் ஒரு கேடா என்பாள். இந்த முறையும் அனுப்பாவிட்டால் கண்காட்சிக்காரர்கள் இனிக் கேட்கவே மாட்டார்கள் என்ற பயம் மட்டும் இருந்தது.

அனுப்பவேண்டிய கடைசி நாளும் வந்தது. நீர்த்தேக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பஜார்க் கோயிலின் கோபுரத்துக்குச் சிவப்பு வைத்து முடிக்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. இஸ்திரிப் பெட்டி செத்தது. வெளியே ஹட்டன் பஸ் ஹாரன் அடிக்க, புத்தகத்தை வாங்கிப்போகக் கண்டக்டர் அன்டன் வாசலில் வந்து நின்றான்.

"குடுக்கிறீங்களாக்கா, இல்ல போன வருசம் மாதிரிதானா?"

வந்ததே ரோஷம். ஈரத்தோடு படக்கென்று மடித்துவிட்டாள். மடித்த கையோடு பதறி விரித்தாள். தண்ணீரின் மேல் கோபுரம் அப்பியிருந்தது, மங்கலாக, பாதி சிவப்பும் பாதி சேறுமாக. ஜோசப்பினுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரவிக்கைக்குக் காத்திருந்த வீரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அட, நம்ம பழைய கோயிலு. இத எப்ப போட்ட?"

நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா மூழ்கியது அந்தத் தண்ணீருக்குள்தான். நீர் வற்றும் மாதங்களில் பழைய கோயில் இப்படித்தான் தலைகாட்டும். இது ஊரில் யாருக்கும் தெரியும். நான்கு தடவை பிரித்துத் தைத்தவளுக்கு மட்டும் தோன்றாமல் போனது.

அன்டன் மறுபடியும் கூப்பிட்டான். ஜோசப்பின் ஒரு காலால் தரையை மிதித்தபடியே, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தண்ணீரின் ஓரத்தில் தன் பெயரை எழுதினாள்.