மாமா விழுந்த நாற்காலி

செலாயாங்கில் வீடு வாங்கியிருக்கும் என் மகன், உள்ளே போவதெல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்கிறான். பழையவற்றை ஏற்றிப்போக லோரிக்கும் சொல்லிவிட்டான். கட்டில், மேசை, மூலையில் கிடக்கும் பிரம்பு நாற்காலி எல்லாம் போகும். "பழசு எதுக்குப்பா? டிஸ்போஸ் பண்ணிடலாம்லா." அவனைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை. அவன் தூக்கிப் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறான். நான் அதே நாற்காலியைப் பிளேடால் அறுத்தவன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். தீபாவளி நெருங்கினால் எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு திரைச்சீலை மாறும். வசதி இருந்தால் சோபாவும் மாறும். அந்த ஆண்டு பக்கத்து வீட்டில் சிவப்பு சோபா வந்து இறங்கியது. அழுக்காகிவிடுமென்று அவர்கள் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இல்லை. உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு ஒரு சத்தம் வரும். எனக்கு அது பணக்காரச் சத்தமாகக் கேட்டது. எங்கள் வீட்டில் இருந்ததோ அம்மாவின் பிரம்பு நாற்காலி. பலகாரம் சாப்பிட வரும் மலாய், சீன நண்பர்கள் அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். நமக்கும் சோபா வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"இது நல்லாத்தானடா இருக்கு?" என்றார் அப்பா.

நல்லா இல்லாமல் ஆக்கிவிடுவதென்று முடிவு செய்தேன். அப்பாவின் சவர பிளேடால் இருக்கையின் அடிப்பக்கம் பிரம்பை அறுத்து வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, அம்மாவின் அண்ணன் கிள்ளானிலிருந்து தன் லோரியில் வந்தார். மாமா கனத்த உடம்புக்காரர். காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தார். அடுத்த கணம் கால் இரண்டும் கூரையைப் பார்க்க, இடுப்பு நாற்காலிக்குள் இறங்கியிருந்தது. அப்பாவும் நானும் இழுத்துத்தான் வெளியே எடுத்தோம்.

"மனுஷன் உக்கார்ற நாற்காலி மச்சான். யானைக்கு வாங்கல!" என்றார் அப்பா.

மாமாவும் சிரித்தார். பிறகு குனிந்து, அறுபட்ட முனைகளைத் தடவினார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் வெயிட்டுதான் மாப்ளே. நீங்க சோபா வாங்கிக்குங்க. இத நான் கொண்டுபோறேன்."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. லோரி மறையும்வரை வாசலில் நின்றார்.

சோபா வந்தது. தொடை ஒட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஞாயிறானால் என்னையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு பஸ் ஏறிவிடுவார். அண்ணன் மீது திடீரென்று என்ன பாசம் என்று அப்பா கேலி செய்வார். மாமா புதுப் பிரம்பு போட்டுப் பின்னிய நாற்காலி அவர் வீட்டு வாசலில் கிடந்தது. போனதும் அம்மா அதில்தான் உட்காருவார்.

சில ஆண்டுகளில் சோபா கிழிந்து குப்பைக்குப் போனது. காலப்போக்கில் அம்மாவும் போனார், மாமாவும் போனார். மாமாவின் காரியத்துக்குப் போனபோது நாற்காலி இன்னும் அங்கேயே இருந்தது. அதன் இடதுகையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"எலி கடிச்சிருச்சா, அத்தே?" என்று மாமாவின் மனைவியைக் கேட்டேன்.

"எலியா? நீதான்டா! பல்லு மொளைக்கிறப்ப உங்கம்மா மடியில உக்காந்து கடிச்சு வெச்சது. மாமா முழுசா மாத்துறேன்னாரு. அந்தக் கைய மட்டும் தொடக்கூடாதுன்னுட்டா."

பிளேடு விஷயத்தை அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்டா," என்றார் அத்தை. "உங்கம்மாவுக்கும் தெரியும்."

நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புது வீட்டுக்குப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்புமுன் பழையதில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆடினால் ஆணி அடிக்கலாம். பின்னல் விட்டால் பின்னலாம். போதவில்லையென்றால் வேறொரு வீட்டில் நன்றாக உழைத்த மேசையை வாங்கிக்கொள்ளலாம். லோரி வருவதற்குள் என் மகன் இதைப் படித்தால் போதும்.

அந்த ஞாயிறுகளில் அம்மா நாற்காலியில் சாய்ந்து, இடதுகை விரலால் பிரம்பை மெல்லத் தடவிக்கொண்டே இருப்பார். ஒரே இடத்தை, திரும்பத் திரும்ப.

"பஸ்ஸு போயிரும்மா, எந்திரிங்க" என்று நான் அந்தக் கையைப் பிடித்து இழுப்பேன்.