நடுவில் உட்கார்ந்தவள்

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் நாலு பேர். யார் யாரிடம் எதைச் சொல்வதென்றாலும் அது மகள் அக்சிலியா வழியாகத்தான் போகும்.

அப்பா சின்னப்பராஜ் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வந்த பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்டதைக் கழற்றி வேறொன்றாக மாட்டுவார். அம்மா இசபெல்லாவின் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றி, வாசல் கேட் தானாகத் திறக்க ஏற்பாடு செய்தார். கேட் திறந்தது, அப்புறம் மூடவே இல்லை. அதிலிருந்து அம்மா அவரிடம் நேராகப் பேசுவதில்லை. கேஸ் அடுப்போடு மாடிக்குப் போனவள் அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பிட்டாள்.

அண்ணன் ஜூட் கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் தூக்கத்துல பாடுவானுங்க, மத்தபடி தங்கம்" என்று அப்பா உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். சம்பந்தம் கலைந்தது. அன்றோடு அவன் அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை.

அக்சிலியாவுக்கு அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வேலை. வந்து செருப்பைக் கழற்றுமுன், "ஏம்மா, உங்கம்மாகிட்ட உப்பு இருக்குதான்னு கேளு" என்பார் அப்பா. மாடியேறுவாள். "உப்புப் போட்டுச் சாப்பிடற மனுசன் கேக்கற கேள்வியா இது?" என்பாள் அம்மா. அதை "இருக்குதாம்ப்பா" என்று மாற்றிக் கீழே இறக்குவாள். படுத்தாலும் யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். வரன் பேச்சு எடுத்தால்கூட, நான் போய்விட்டால் இவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

கூட வேலை செய்யும் ரஞ்சனி ஒரு நாள், "அக்கா, ஒரு படம் வந்திருக்குதுங்க. ஒரு கிறுக்குக் குடும்பம். உங்க ஊட்டைப் பாத்தே எடுத்த மாதிரி இருக்குது" என்றாள்.

அதைப் பார்த்தாவது பேசிக்கொள்வார்கள் என்று நினைத்த அக்சிலியா, மற்ற ரெண்டு பேரும் வரவில்லை என்று மூவரிடமும் தனித்தனியாகப் பொய் சொல்லி, ஞாயிறு பூசைக்குப் பிறகு தியேட்டருக்கு வரவைத்தாள். வாசலில் பார்த்துக்கொண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அக்சிலியா, அம்மாவுக்கு அந்தப் பக்கம் ஜூட்.

படத்தில் ஒரு அப்பா மிக்சி மோட்டாரைக் கொண்டுபோய் மீன்தொட்டியில் வைத்தார். மீனெல்லாம் துள்ளித் தரையில் விழுந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா நெளிந்தார்.

இடைவேளை விட்டதுமே ஆரம்பித்தார். "அந்தாளு நல்ல எண்ணத்துலதான் செஞ்சான்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"நல்ல எண்ணத்துல செத்த மீன் மறுபடி நீந்தாதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"படத்துல அந்தப் பையன் வீட்டை விட்டுப் போனதுதான் சரின்னு அவர்கிட்ட சொல்லு" என்றான் ஜூட்.

அக்சிலியாவின் கையில் பாப்கார்ன் பொட்டலம் நசுங்கியது. "நீங்களே சொல்லிக்கங்க!" என்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெளியே நிற்க முடியவில்லை. முகம் கழுவினாள். வாசல்வரை போனாள், திரும்பினாள். பஸ் ஏறிவிடலாமா? உள்ளே என்ன ஆனதோ? பெல் அடித்ததும் ஓடினாள்.

அவளுடைய காலி இருக்கைக்கு மேலாக மூன்று பேரும் எட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீ பாடறது உண்மையா இல்லையாடா?"

"உண்மைன்னா ஊரைக் கூட்டிச் சொல்லுவீங்களா?"

"முதல்ல என் மெஷினை மாட்டிக் குடுங்க, அப்புறம் நியாயம் பேசுங்க!"

பின்வரிசைக்காரர் கும்பிட்டார். "சாமி, படம் பாக்க உடுங்க."

அக்சிலியா வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். மீதிப் படம் அவள் மனதில் ஏறவே இல்லை.

இப்போது அவர்கள் நேராகவே பேசுகிறார்கள். பாதிக்கு மேல் சண்டைதான். அம்மா இன்னும் மாடியில்தான் சமைக்கிறாள். அக்சிலியா அஸ்தம்பட்டியில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்தாள். "எதுக்கு சாமி?" என்றார் அப்பா. "கொஞ்சம் சும்மா இருக்கணும்ப்பா" என்றாள்.

சும்மா இருக்க வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே அலமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். பக்கத்து அறையில் இரண்டு பெண்கள் துணிக்கொடிக்காகச் சண்டை போடும் சத்தம் கேட்டது. கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கியது. அந்தக் கதவுவரை போய் நின்றாள். தட்டக் கையைத் தூக்கியவள், அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று இறக்கிக்கொண்டு, படியிறங்கி ஏற்காடு ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். மலை கண்ணுக்கு நேரே வந்த பிறகும் கால் நிற்கவில்லை.