ஓட்டு வேண்டாம் என்று பேசினேன்

நடுவில் ஒரு வருடம் படிப்பு விட்டுப்போனதால், எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் ஓட்டுரிமை வந்திருந்த ஒரே ஆள் நான். தேர்தல் நெருங்கிய சமயம். ரோடு போடும்வரை ஓட்டு இல்லை என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. மலையில் நாங்கள் படித்த புதூர்நாட்டுப் பள்ளியில் தமிழாசிரியை அதையே விவாதத் தலைப்பாக்கினார்: ரோடு இல்லாத ஊர் தேர்தலைப் புறக்கணிக்கலாமா?

புறக்கணிக்கலாம் என்ற பக்கம் நான். எதிரே, பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் தோழி. அவள் ஊருக்கு ரோடு இருந்தது. ‘உனக்கென்ன தெரியும்’ என்று கேட்டு அவளை மடக்கிவிடலாம் என்றிருந்தேன்.

ஆசிரியை ஒரு நிபந்தனை போட்டார். “எதிராளி சொன்னத முதல்ல உன் வாயால சொல்லணும். ‘ஆமா, அதான் சொன்னேன்’னு அவங்க ஒத்துக்கிட்டாத்தான் பதில் பேசலாம்.”

நான் என் சித்தியைப் பற்றிச் சொன்னேன். தோழி எழுந்து அதைத் திரும்பச் சொன்னாள். “இவங்க சித்திய மழையில டோலி கட்டித் தூக்கினு வந்தாங்க. பாதி வழியிலயே கொழந்த பொறந்துடுச்சு. ஆம்புலன்ஸ் வராத அந்த வழியில ஓட்டு மெஷின் மட்டும் எப்படி வருதுன்னு கேக்கறாங்க.”

நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது. “ஆமா, அதான் சொன்னேன்” என்றேன்.

பிறகு அவள் பேசினாள். “எங்க ஊரும் ஒரு வாட்டி ஓட்டு போடல. யாரும் கண்டுக்கல. அடுத்த வாட்டி எல்லாரும் சேர்ந்து போட்டோம். அப்புறந்தான் ரோடு வந்துது.”

அதை நான் திரும்பச் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. “ஒண்ண விட்டுட்டீங்க. போடாம இருந்தா யாருக்கு லாபம்?”

“ரோடு போடாதவங்களுக்குத்தான்” என்றேன். என் வாயிலிருந்தே அது வந்தது.

“ஆமா, அதான் சொன்னேன்.”

இப்போது நான் பதில் பேச வேண்டும். “எனக்குத் தெரியலைங்க டீச்சர்” என்றேன். வகுப்பு சிரித்தது. தோழி சிரிக்கவில்லை. “எனக்கும் தெரியலைங்க. இவங்க ஊர்ல போய் ஓட்டு போடுங்கன்னு என்னால சொல்ல முடியாது” என்றாள். ஆசிரியை தீர்ப்பு சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

ரோடு முடியும் இடம்வரை போகும் ஷேர் ஜீப்பில் திரும்பும்போதும் பேசினோம். அவள் என் பக்கம், நான் அவள் பக்கம். டிரைவர் திரும்பிப் பார்த்தார். “இன்னாம்மா, காலைல வேற மாதிரி பேசினு வந்தீங்க?”

ஓட்டுப்பதிவு அன்று மதியம்வரை எங்கள் ஊரில் யாரும் சாவடிப் பக்கம் போகவில்லை.

“இன்னா பண்ணப் போற?” என்றார் அப்பா.

“தெரியலப்பா.”

“நான் போவல. ஊர்ல ஒத்துக்கினு வந்துட்டேன். உன் ஓட்டு உன்னுது.”

மூன்று மணிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் திரும்பினேன். மறுபடி போனேன். காலியான அறையில் நான்கு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். பொத்தானை அழுத்தியபோதுகூட, சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை.

வீட்டில் அப்பாவிடம் விரலைக் காட்டினேன். “சரி” என்றார். கோபமா, சமாதானமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“உன் எடத்துல நான் இருந்தா போட்டிருக்க மாட்டேன்டி” என்றாள்.