போதகரின் முழங்கால்

பந்துக்குக் குறுக்கே விழுந்து விழுந்தே பதினோரு வருடம் சம்பளம் வாங்கிய கோல்கீப்பர் அவர். ரசிகர்களுக்கு 'சுவரு'. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேதாகமத்தை எடுத்தபின் சபையாருக்குப் போதகர் ஐயா.

இறுதிப் போட்டியன்று முழங்கால் போனது, படுக்கையில் கிடந்தபோது கர்த்தர் கூப்பிட்டார் என்பது அவர் சாட்சி. அதைக் கேட்டு உருகியவர்கள்தான் ஆலயத்துக்குப் பின்னால், இல்லாதவர்கள் நாற்பது பேர் தினமும் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தைக் கட்டிக்கொடுத்தார்கள்.

உண்மையில் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைதானத்தின் இரைச்சலைக் கேட்டதும் பயந்துபோனார். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பதிலாக இறங்கியவன் ஆறு கோல் வாங்கினான். அதன்பிறகு எந்த அணியும் அவனைச் சீந்தவில்லை. போன மாதம் அவன் செத்துப்போனான் என்று செய்தி வந்ததிலிருந்து போதகருக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த ஞாயிறு உள்ளதைச் சொல்லிடப் போறேன்," என்றார் சபைச் செயலாளரிடம்.

"ஐயா, நாப்பது பேர் சோத்துல மண்ணைப் போட்டுடாதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார் அவர்.

இருந்தும் ஞாயிறன்று போதகர் சொன்னார். ஒன்றுவிடாமல். நம்பமாட்டார்களோ என்று கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார்.

"பாருங்க, ஒரு தழும்புகூட இல்ல!"

முன்வரிசையில் இருந்த தையல்கார அம்மா எழுந்து நின்றார். "தழும்புகூட இல்லாம குணமாக்கியிருக்காரே கர்த்தர்! இவ்வளவு நாளா இதைப் பெருமையா ஒரு வார்த்தை சொன்னாரா நம்ம ஐயா?"

ஆலயமே அழுதது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தண்ணீர் கொடுத்தார். "நான் நம்புறேங்க. கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். அதுக்குள்ள கூடம் கட்டிட்டாங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தும் யாரும் கலையவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் வாசல்வரை வரிசை கட்டி நின்றார்கள். செயலாளர் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னால ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் போதகர், முதலில் வந்தவளிடம்.

"நல்லவங்க அப்படித்தான்யா சொல்வாங்க," என்று அவள் வீங்கிய காலை நீட்டினாள்.

அவர் குனிந்து கை வைத்தார்.