சீட்டுக்கு அடியில் பனியன் துணி

சோமனூரிலிருந்து ரயிலில் திருப்பூர் வந்து, மண்ணரையில் உள்ள பனியன் கம்பெனிக்குச் சைக்கிளில் போகிறவள் நான். துணி செக்கிங் என் வேலை. ரயிலில் தூக்கி ஏற்றத்தான் மடக்கு சைக்கிள் வாங்கினேன். பிறகு, அதன் எடையை இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பாகம் பாகமாகக் கழற்றிக் கம்பெனித் தராசில் வைத்தேன். சீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்தான் நல்ல கனம்.

ஆன்லைனில் அலுமினியக் குழாய் வரவழைத்தேன். அது கொஞ்சம் ஒல்லி, மாட்டினால் ஆடியது. எங்கள் ஊரில் எது ஆடினாலும் பனியன் வேஸ்ட் துணிதானே மருந்து? குழாயில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கினேன். கச்சிதம்!

மறுநாள் ஓட்டும்போது ஹேண்டில்பார் மெல்ல உயர்ந்துகொண்டே வருவதுபோல் இருந்தது. இதென்ன விந்தை என்று யோசித்தபடியே பாலத்து இறக்கத்தில் போனேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்ததும் சீட் சடாரென்று கீழே இறங்கியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்து, சைக்கிள் நடுரோட்டுக்குத் திரும்பிவிட்டது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

இறங்கி வந்த டிரைவர், சீட்டுக்கு அடியில் பிதுங்கிய துணியை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இழுத்தா இழுபடற துணிய நம்பியா உக்காந்தீங்க? எங்க வேலைங்க உங்களுக்கு?"

"பனியன் கம்பெனிங்க" என்றேன்; துணி செக்கிங் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்தப் பாகத்தையும் அளந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். பழைய இரும்புக் குழாயே திரும்ப ஏறிவிட்டது. அதில், சைக்கிள் சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, குறையுள்ள துணியில் நான் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது; சீட் இறங்கினால் அது உள்ளே மறைந்துவிடும். அம்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஏறி உட்காருவேன்.