மாமாவின் கையில் கொடுத்த ஆட்சேபனை

மாமா செய்ததை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. என்னை மடியில் வைத்துக் காது குத்தியவர். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் வேறு. யாரோ ஒருவர் செய்திருந்தால் இவ்வளவு வயிறு எரியாது.

ஹந்தானையில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, நேர் மேலே, ஊற்று இருக்கிற சரிவில், சுற்றுலா ஹோட்டல் கட்டப்போவதாக அறிவித்தல் வந்தது. போன மழைக்கே அந்தச் சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. அம்மா இன்றும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். நான் கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். சுற்றாடல் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் குறித்த நாளுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் எல்லோரையும் உட்காரவைத்தேன்.

"மலை சரியும்னு நாம நிரூபிக்கத் தேவையில்ல. சரியாதுன்னு கட்டுறவங்கதான் காட்டணும். சந்தேகம் இருந்தா நிறுத்தணும். சட்டத்தோட நியாயம் அதுதான்."

"அடியாத்தி! இம்புட்டு நல்ல சட்டம் நம்ம நாட்டுல இருக்கா?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நான் எழுதிக்கொண்டு வந்த ஆட்சேபனைக் கடிதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

தோட்டத்தை விட்டு வெளியே போகிற கடுதாசி எதுவானாலும் தலைவர் கையால்தான் போகும். பிறப்புப் பதிவிலிருந்து பென்ஷன் வரைக்கும் அதுதான் எங்கள் வழக்கம். நான் பதிவுத் தபாலில் போட்டிருக்கலாம். சட்டத்தரணியின் கந்தோரில் தினமும் செய்கிற வேலைதானே! ஆனால் தலைவரைத் தாண்டிப் போனால் மரியாதை இல்லையே என்று, ஒட்டிய உறையை மாமாவிடம் கொடுத்தேன்.

"நீ போ புள்ள, நாளைக்கே கொண்டுபோய் குடுத்துர்றேன்" என்றார்.

கடைசி நாள் கழிந்த பிறகு, ஆட்சேபனைகளைப் பெறுகிற சுற்றாடல் அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அதிகாரி கோப்பைப் புரட்டினார். இன்னொரு முறையும் புரட்டினார். ஒரு ஆட்சேபனைகூட வரவில்லை என்றார்.

நேரே மாமா வீட்டுக்குப் போனேன். கதிரையில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரிக்கு மேலே எங்கள் உறை, ஒட்டியது ஒட்டியபடி.

"ஹோட்டல்ல நம்ம பசங்களுக்கு வேல தர்றாங்களாம். எம் மவனுக்கு சூப்பர்வைசர். ஒனக்கென்ன, நீ டவுன்ல இருக்க."

"ஒங்க அக்கா அந்த மலைக்குக் கீழ இருக்கா மாமா!"

"அதெல்லாம் ஒன்னும் ஆவாது" என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டினார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு ஏப்பமும் விட்டது.

எனக்கு வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டிவிட்டு, உறையைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். நாள் தவறினாலும் வழக்குப் போடலாம் என்று சட்டத்தரணி முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அதற்குள் மேலே ரோட்டுக்கு மண் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மெஷின் சத்தம் லயத்துக்குள் கேட்டது.

அம்மா உறையைப் பிரித்தாள். தான் எழுத்துக்கூட்டி எழுதிய பெயரைத் தேடிப் பார்த்தாள். தம்பியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சந்தேகம் இருந்தா நிறுத்தணும்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியே. அவன்கிட்ட குடுக்கிறப்ப ஒனக்கு அந்தச் சந்தேகம் வரலியாடி?"